பத்துக்குப் பதிமூன்று

படார்!

மூன்றாவது மாடியின் கண்ணாடிக் கதவு சுக்குநூறாகச் சிதறியது. அதன் வழியாக ஒரு டாக்டர் பறந்து வந்து கறிக்கடைக்காரரின் காலடியில் விழுந்தார்.

விழுந்தவரின் கண்கள் கறுப்புத் துணியால் இறுகக் கட்டப்பட்டிருந்தன. மூக்கிலிருந்து ரத்தம் மீசைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து, வெள்ளைக் கோட்டிலிருந்த கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டு, சுவரைத் தடவித் தடவிக் கதவைக் கண்டுபிடித்து மறுபடியும் உள்ளே போனார். போன வேகத்தில் உள்ளே யாருக்கோ பளாரென்று ஓர் அறை விழுந்தது.

கறிக்கடைக்காரர் இரண்டடி பின்வாங்கினார். முப்பது வருஷமாகக் கத்தி பிடித்தவர். ரத்தம் பார்க்காத விடியல் அவருக்குக் கிடையாது. ஆனால் அவர் கடையில் எல்லாம் ஒரு ஒழுங்காக நடக்கும்.

"உள்ள என்னங்க நடக்குது?" என்று வாசலில் இருந்த காவலாளியைக் கேட்டார்.

காவலாளி கண்ணாடித் துண்டுகளைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டே, "கலந்தாலோசனை," என்றார்.

"அடிதடி மாதிரி இருக்கே?"

"அடிதடின்னா போலீஸ் வரும் பெரியவரே. இதுக்கு டீ வரும்."

சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, "ஏங்க..." என்றாள். மூச்சு வாங்கினாள். "இவங்ககிட்டயா..." மறுபடி மூச்சு. "எனக்கு முத்திரை வாங்கப் போறீங்க? பேசாம நம்ம கடைக்கே..." மூச்சு. "கூட்டிட்டுப் போயிடுங்க. அங்கன்னா ஒரே வெட்டு."

மூன்று மாதத்துக்கு முன்னால் இதே வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி, மீதி மூச்சில் புருஷனையும் இரண்டு திட்டு திட்டியிருப்பாள். அதுதான் அவரைப் பயமுறுத்தியது. அவள் திட்டுவதை நிறுத்திப் பதினைந்து நாளாகிறது.

கணவன் மனைவி இரண்டு பேருக்குமே சர்க்கரை. மருத்துவமனையில் புது மாத்திரைச் சோதனை என்றார்கள். மருந்து, பரிசோதனை எல்லாம் இலவசம் என்றார்கள். இருவரும் சேர்ந்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் மனைவிக்குச் சிவப்பு நிறப் புது மாத்திரை விழுந்தது. அவருக்குப் பழைய வெள்ளை மாத்திரையே விழுந்தது.

"உங்க ராசிக்கு எப்பவும் பழசுதான்," என்று ஒரு வாரம் கேலி செய்தாள் மனைவி.

சர்க்கரை நன்றாகத்தான் இறங்கியது. ஆனால் கால் ஏறியது. முதலில் செருப்பு நுழையவில்லை. பிறகு கொலுசைக் கத்தரித்து எடுக்க வேண்டியதாயிற்று. கெண்டைக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து, ரொம்ப நேரம் குழியாகவே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியது. முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்து உட்கார்ந்தே தூங்கினாள். கடைத் தராசில் நிற்க வைத்துப் பார்த்தார். பதினைந்து நாளில் ஆறு கிலோ கூடியிருந்தது.

"எடை போட்டாச்சுல்ல? அப்படியே கூறு போட்டுடுங்க," என்றாள் அவள்.

தரைத்தளத்து டாக்டர் நல்லவர். தலையில் பெரிய கட்டோடு உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"இதயம் களைச்சுப் போச்சும்மா. தண்ணிய வெளிய தள்ள முடியல. இந்த மாத்திரை சில பேருக்கு இப்படிப் பண்ணுது. உடனே நிறுத்தணும். இன்னிக்கே இதய வார்டுல சேர்த்து, தண்ணி வடியறதுக்கு ஊசி போடணும். தள்ளிப் போட்டீங்கன்னா நான் பொறுப்பில்ல."

"சேர்த்துடுங்க டாக்டர்."

"நான் சேர்க்க முடியாதே! சோதனையில இருக்கிறவங்களோட இதயம், 'மருந்து இதயப் பாதுகாப்பு வாரியம்'னு மூணாவது மாடியில ஒண்ணு இருக்கு, அதுக்குச் சொந்தம். உங்க மனைவிக்கு வந்திருக்கிறது இதயக் கோளாறுதான்னு அவங்க முத்திரை போட்டாத்தான் வார்டுக் கதவு திறக்கும். ரெண்டு படுக்கை காலியாத்தான் கிடக்கு."

"நாங்களே மாத்திரைய நிறுத்திட்டா?"

"சோதனைய விட்டு ஓடிட்டதா எழுதுவாங்க. ஓடினவங்களுக்கு இந்தக் கட்டடத்துல குடிக்கத் தண்ணிகூடக் கிடையாது. வேற ஆஸ்பத்திரிக்குப் போனா, முதல்ல ஃபைல் எங்கன்னு கேப்பாங்க. ஃபைல் மூணாவது மாடியில இருக்கு."

"உங்க தலைக்கு என்ன ஆச்சு டாக்டர்?"

டாக்டர் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நானும் முன்னே அந்த வாரியத்துல உறுப்பினரா இருந்தேன்," என்றார். "சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள போயிடுங்க. ஹெல்மெட் இருந்தா போட்டுக்கோங்க."

அப்படித்தான் அவர்கள் மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்தார்கள். மணி நாலேகால். காவலாளி உடைந்த கதவை மரியாதையாகத் திறந்துவிட்டார். சட்டம் மட்டும்தான் மிச்சமிருந்தது என்றாலும் அதைத் திறந்துதான் போக வேண்டும் என்பது விதி.

உள்ளே நீளமான மேஜை. அதன் நடுவில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு பிளாஸ்டர் இதயம், பாடம் நடத்த வைத்தது. மேஜைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள், மூவருக்கும் கண்கட்டு. மூலையில் குறிப்பெழுதும் அம்மாள் தலையில் ஹெல்மெட்டோடு தட்டச்சு செய்துகொண்டிருந்தார். உயரமான ஆசனத்தில் தலைவர். அவர் மட்டும் கண் திறந்திருந்தார். கையில் மரச் சுத்தியல் இருந்தது.

"வாங்க வாங்க," என்றார் தலைவர். "பயப்படாதீங்க. இது முழுக்க முழுக்க அறிவியல் சபை. இங்க உணர்ச்சிக்கே இடமில்ல." சொல்லிக்கொண்டே, கொட்டாவி விட்ட ஒரு டாக்டரின் விரல்மேல் சுத்தியலால் ஒரு போடு போட்டார். "இவர் மாரடைப்பு உறுப்பினர். அவர் பக்கவாத உறுப்பினர். அந்தக் கடைசில இருக்கிறவர் மரண உறுப்பினர். ஒரு மருந்து இதயத்துக்குக் கெடுதல்னா இந்த மூணுல ஒண்ணு வந்தே ஆகணும்."

"கண்ண எதுக்குங்க கட்டியிருக்கு?"

"நல்ல கேள்வி. நோயாளி புது மாத்திரையா, பழைய மாத்திரையான்னு தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாயும். அதனால காலைல பத்து மணிக்குத் தனித்தனி அறையில கட்டினா, சாயங்காலம் அஞ்சுக்குத் தனித்தனி அறையிலதான் அவிழ்ப்போம். நாலு வருஷமா ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லன்னா பாருங்களேன். அவ்வளவு நேர்மை."

ஃபைலைத் திறந்து பார்த்தார் தலைவர். பிறகு இரண்டு தடவை இருமினார்.

மூன்று உறுப்பினர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ரெண்டு இருமல்," என்று முணுமுணுத்தார் மாரடைப்பு உறுப்பினர். "புதுசு."

"இருமல் எனக்கு ரொம்ப நாளா இருக்கு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல," என்றார் தலைவர்.

அவருக்குப் பின்னால் ஒரு கரும்பலகை. அதில் சாக்பீஸால் இரண்டு கட்டம். சிவப்பு மாத்திரை: பதிமூன்று. வெள்ளை மாத்திரை: பத்து.

"இது என்ன கணக்குங்க?" என்றார் கறிக்கடைக்காரர்.

"இதயம் பாதிச்சவங்க. பழைய மாத்திரையில பத்து பேர். புதுசுல பதிமூணு பேர். அதாவது ரெண்டும் சமம்."

"பத்தும் பதிமூணும் எப்படிங்க சமம்? பத்து கிலோ கேட்டவருக்கு நான் பதிமூணு கிலோ போட்டா..."

"நீங்க பத்து கேட்டா ஒன்பதரைதானே போடுவீங்க," என்றாள் மனைவி.

"அம்மா, அது கறி. இது புள்ளிவிவரம்," என்றார் தலைவர். "பத்துக்குப் பதிமூணு வரைக்கும் போகலாம்னு வாரியம் ஒரு வருஷம் அடிச்சுக்கிட்டு முடிவு பண்ணிருக்கு. ரெண்டு பேருக்குக் காலு போச்சு அதுல. பத்துக்குப் பதிமூணுன்னா அது மருந்து. பத்துக்குப் பதினாலுன்னா விஷம். மாத்திரை ஒண்ணுதான். இன்னிக்குத் தேதிக்கு அது மருந்து. நீங்க பதினாலாவதா வந்து நிக்கறீங்க. கொஞ்சம் எங்க இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க."

கறிக்கடைக்காரர் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"பரிசோதனை ஆரம்பிக்கலாம்," என்று மேஜையைத் தட்டினார் தலைவர்.

மாரடைப்பு உறுப்பினர் மேஜைக்கு மேலே ஏறி, இந்தப் பக்கம் குதித்து, குனிந்து ஒரு காலைப் பிடித்து அழுத்தினார்.

"வீக்கமே இல்லையே! நல்ல இறுகின கால்."

"அது என் காலுங்க," என்றார் கறிக்கடைக்காரர்.

"வீக்கம் இல்லன்னு பதிவாயிடுச்சு," என்றார் குறிப்பெழுதும் அம்மாள். "பதிவானதை அழிக்க முடியாது."

"என் காலப் பாருய்யா!" என்று மனைவி சத்தம் போட முயன்றாள். சத்தத்துக்குப் பதில் இருமல்தான் வந்தது.

"நெஞ்சு வலி இருக்காம்மா?" என்றார் மாரடைப்பு உறுப்பினர்.

"வலி இல்ல. மூச்சுதான்..."

"வலி இல்ல! என் கேஸ் இல்ல. பக்கவாதத்துக்குத் தள்ளு." அவர் சக்கர நாற்காலியை ஓங்கி உதைத்தார். அது உருண்டு போய்ப் பக்கவாத உறுப்பினரின் முட்டியில் மோதியது.

பக்கவாத உறுப்பினர் வலியில் துள்ளினார். "வாய் கோணியிருக்கா? நாக்கு குழறுதா?"

"உங்க தாத்தாவுக்குக் குழறும்," என்றாள் மனைவி, மிகத் தெளிவாக.

"அருமையா பேசறாங்க. என் கேஸும் இல்ல. மரணத்துக்கு அனுப்பு."

மரண உறுப்பினர் அமைதியானவர். கையை நீட்டி அவள் முகத்தைத் தடவிப் பார்த்தார். அவள் அவர் விரலைக் கடித்தாள்.

"உயிர் இருக்கு," என்றார் அவர் விரலை உதறியபடி. "என்கிட்ட இப்ப வந்து என்ன பிரயோஜனம்? நடந்தப்புறம் வரணும். அவசரப்பட்டு முன்னாடியே வந்துடறாங்க. மாரடைப்புதான் இதை எடுத்துக்கணும்."

"யோவ், நான் எதுக்கு எடுக்கணும்? என் கணக்குல ஏற்கெனவே ஆறு!"

"போன மாசம் ஒரு பொணத்தை என் தலையில கட்டினல்ல? அது யார் கேஸு?"

பேச்சு அதோடு நின்றது. மரண உறுப்பினர் சத்தம் வந்த திசையைக் கணக்குப் பண்ணி ஒரு குத்து விட்டார். அது பக்கவாத உறுப்பினரின் தாடையில் விழுந்தது. பக்கவாதம் திருப்பி அடித்தது மாரடைப்பின் மேல். மாரடைப்பு ஒரு நாற்காலியைத் தூக்கிச் சுழற்றியது. கண் கட்டியிருந்ததால் யாருக்கும் யார்மேலும் தனிப்பட்ட விரோதம் இல்லை. அகப்பட்டவரை அடித்தார்கள். ஒரு பல் தெறித்துத் தட்டச்சு இயந்திரத்துக்குள் விழுந்தது. மரண உறுப்பினர் பக்கவாத உறுப்பினரின் காதைக் கவ்வினார். கடைசியில் மாரடைப்பு உறுப்பினர் மேஜைமேல் தடவி, கைக்கு அகப்பட்ட பிளாஸ்டர் இதயத்தைத் தூக்கி மரண உறுப்பினரின் மண்டையில் போட்டார். இதயத்தின் நான்கு அறைகளும் உடைந்து நான்கு பக்கம் ஓடின.

குறிப்பெழுதும் அம்மாள் பல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, 'உறுப்பினர்களிடையே ஆரோக்கியமான கருத்துப் பரிமாற்றம்' என்று அடித்து முடித்தார்.

"மூச்சு முட்டறதுக்கு ஒரு உறுப்பினர் கிடையாதா?" என்று கேட்டார் கறிக்கடைக்காரர். அவர் மனைவியின் நாற்காலியை இழுத்துச் சுவரோரம் நிறுத்தி, அவளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இருந்தார். தலையில கட்டோட தரைத்தளத்துல பார்த்திருப்பீங்களே, அவர்தான்," என்றார் தலைவர். "இதயம் களைச்சுப் போறதையும் நாலாவதா சேர்க்கணும்னு ரெண்டு நிமிஷம் பேசினார். ஜன்னல் வழியா அனுப்பி வெச்சோம். நாலாவது கட்டம் போட்டா படிவத்துல இடம் இல்ல. கருத்துச் சுதந்திரத்துக்கு நாங்க எதிரி கிடையாது. இது மூணாவது மாடிங்கிறது அவருக்கே தெரியும்."

கறிக்கடைக்காரருக்குப் பேச வராது. கடையில்கூட 'எலும்போடவா, இல்லாமலா' என்பதற்கு மேல் பேசியதில்லை. ஆனால் பின்னால் மனைவியின் மூச்சு, துருப்பிடித்த கீல் மாதிரி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயா, நான் படிக்காதவன். ஆனா தினம் பத்து இதயத்தைக் கையில எடுக்கறவன். சில ஆட்டுக்கு அது இறுகி, கைக்கு அடக்கமா இருக்கும். சில ஆட்டுக்குப் பெருத்து, தொளதொளன்னு நனைஞ்ச துணி மாதிரி தொங்கும். அந்த ஆட்ட அறுத்தா நெஞ்சுக்கூடு பூரா தண்ணி. அதுக்கு மாரடைப்பு வரல. வாய் கோணல. நடந்துதான் வந்திருக்கும் கடைக்கு. ஆனா அது கெட்டுப் போன இதயம்தாங்க. நானே அதை வியாபாரத்துக்கு வைக்க மாட்டேன். இவளுக்கும் அப்படித்தான் ஆகிட்டிருக்கு. நீங்க எந்தக் கட்டத்துல வேணா போடுங்க. ஒரு முத்திரை குத்தி, கீழ ஒரு படுக்கை குடுங்க. ஊசி போட்டா பொழைச்சுக்குவான்னு டாக்டர் சொல்றாரு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரொம்ப நல்லாப் பேசினீங்க. இப்படி விஷயம் தெரிஞ்ச ஆளு எங்களுக்கும் தேவை. உங்களுக்குச் சர்க்கரை உண்டா?"

"உண்டுங்க. நானும் இதே சோதனையிலதான் இருக்கேன்."

"அப்படியா! எந்த மாத்திரை?"

"வெள்ளை. பழசு."

தலைவர் மெல்ல ஃபைலை மூடினார். ஒரே ஒரு தடவை இருமினார்.

மூன்று உறுப்பினர்களும் மூச்சை அடக்கிக் காத்திருந்தார்கள். இரண்டாவது இருமல் வரவில்லை.

மணி நாலே முக்கால்தான். ஆனாலும் வாரியத்தின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக, ஐந்து மணிக்கு முன்னால், மூன்று பேரும் கண்கட்டை அவிழ்த்தார்கள். வெளிச்சத்தில் கண்ணைக் கசக்கினார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீங்களா?" என்றார் பக்கவாத உறுப்பினர், மாரடைப்பு உறுப்பினரைப் பார்த்து. இருவரும் அக்கா தங்கையைக் கட்டிய சகலைகள். நாலு வருஷமாக விசேஷ வீடுகளில் ஒருவர் காயத்தை ஒருவர் விசாரித்துக்கொண்டவர்கள்.

"குடும்ப விஷயம் அப்புறம்," என்றார் தலைவர். "பெரியவருக்கு ஒரு நாற்காலி போடுங்க."

போட்டார்கள். முதுகில்.

கறிக்கடைக்காரர் முழங்கால் மடங்கி விழுந்தார். பக்கவாத உறுப்பினர் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொண்டார். மரண உறுப்பினர் கால்களின் மேல் உட்கார்ந்தார். மாரடைப்பு உறுப்பினர் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினார். இருபது வருஷ அனுபவம். எங்கே அடித்தால் வெறும் வலி, எங்கே அடித்தால் ஈசிஜியில் கோடு மாறும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். இடது மார்பில், ஒரே இடத்தில், முழங்கையால் இடித்தார். ஒவ்வோர் இடிக்கும் குறிப்பெழுதும் அம்மாள் ஒரு புள்ளி வைத்தார்.

"ஐயோ, விடுங்கடா அவர!" மனைவி சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து மரண உறுப்பினரின் விலாவில் மோதினாள். ஓர் எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. கையில் இருந்த மாத்திரைப் புட்டியை மாரடைப்பு உறுப்பினரின் நெற்றியில் எறிந்தாள். சிவப்பு மாத்திரைகள் தரையெல்லாம் சிதறின. உடைந்த நாற்காலிக் காலை எடுத்துப் பக்கவாத உறுப்பினரின் தலையில் ஒன்று வைத்தாள். இரண்டாவதுக்கு ஓங்கியபோது மூச்சு நின்றுவிட்டது. கை அந்தரத்தில் நிற்க, வாயைத் திறந்து காற்றைத் தேடினாள். காவலாளி வந்து கட்டையை வாங்கி வைத்துவிட்டு, நாற்காலியைச் சுவரோரம் திருப்பி நிறுத்தினார்.

"சத்தம் போடாதீங்கம்மா," என்றார் அவர். "இதய நோயாளிங்க இருக்கிற கட்டடம்."

இருபத்திரண்டாவது புள்ளியில் கறிக்கடைக்காரரின் முகம் சாம்பலானது. நெற்றி வேர்த்துக் கொட்டியது. வலது கை பிடியிலிருந்து நழுவி, தானாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டது.

மூன்று பேரும் சட்டென்று நிறுத்தினார்கள். அவர்கள் முகங்களில் அப்படி ஒரு கனிவு.

"ஐயா, நெஞ்சு வலிக்குதா?" என்றார் மாரடைப்பு உறுப்பினர், அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு.

"வலிக்குது..."

"இடது கைக்குப் போகுதா? தாடைக்கு?"

"போகுது..."

"அருமை! அருமை!" மாரடைப்பு உறுப்பினருக்குக் கண் கலங்கியது. "பாடப் புத்தகத்துல இருக்கிற மாதிரியே சொல்றார்!"

அப்புறம் எல்லாம் பறந்தது. ஸ்ட்ரெச்சர் வந்தது. ஆக்ஸிஜன் வந்தது. இரண்டு நர்சுகள் ஓடி வந்தார்கள். ஒருவர் நாக்கின் கீழ் மாத்திரை வைத்தார். ஒருவர் நரம்பில் ஊசி ஏற்றினார். ஈசிஜிக் கோடு மாறியிருந்தது. தலைவர் முத்திரையை மையில் தோய்த்து ஃபைலில் குத்த ஒன்பது விநாடிதான் ஆயிற்று. இதய வார்டுக்கு ஃபோன் போட்டு, "நல்ல படுக்கையா குடுங்க. ஜன்னலோரம். நம்ம ஆளு," என்றார்.

ஸ்ட்ரெச்சர் கதவைத் தாண்டும்போது கறிக்கடைக்காரர் ஆக்ஸிஜன் மூடியை விலக்கினார்.

"என்ன விடுங்க. அவள முதல்ல..." என்றார். நர்ஸ் மூடியைத் திரும்ப அழுத்தினார். லிஃப்ட் இறங்கியது.

தலைவர் எழுந்து கரும்பலகைக்குப் போனார். வெள்ளை மாத்திரைக் கட்டத்தில் பத்தை அழித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினார். உறுப்பினர்கள் கை தட்டினார்கள். விலா முறிந்தவர் மட்டும் ஒரு கையால் மேஜையைத் தட்டினார்.

"பாத்தீங்களாம்மா?" என்றார் தலைவர், மனைவியின் பக்கம் திரும்பி. "நீங்க ஒண்ணும் கலங்காதீங்க. ஒரே வீடு, ஒரே சாப்பாடு. பழைய மாத்திரை சாப்பிட்ட உங்க கணவருக்கு மாரடைப்பு. புது மாத்திரை சாப்பிட்ட உங்களுக்கு மாரடைப்பு இல்ல. எது பாதுகாப்பான மருந்துன்னு இப்பப் புரியுதா?"

"நீங்க அடிச்சதாலதானே அவருக்கு..." மூச்சு. "வந்துச்சு!"

"எப்படி வந்துச்சுன்னு கேக்கறதுக்கு எங்க படிவத்துல இடமே இல்லம்மா. என்ன வந்துச்சு, எந்தக் கட்டம். அவ்வளவுதான். காரணத்தையெல்லாம் ஆராய ஆரம்பிச்சா எந்த மருந்தும் கடைக்கு வராது."

மனைவி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்க்கணக்குப் போட்டே பழகியவள். விரல்கள் மடியில் மடங்கி விரிந்தன. உதடு நீலம் பூத்திருந்தது. ஆனாலும் கணக்கு ஓடியது.

"இருங்க," என்றாள். "பத்துக்குப் பதிமூணுன்னா... பதினொண்ணுக்கு எவ்வளவு?"

தலைவர் அவளை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார்.

"பதினாலு வரைக்கும் போகலாம். பதினாலும் கொஞ்சமும். கொஞ்சத்தை நாங்க கணக்குல எடுக்கறதில்ல."

"அப்ப... பதினாலாவது இடம் காலியாத்தானே இருக்கு?" ஒவ்வொரு சொல்லுக்கும் தோள் ஏறி இறங்கியது. "என் புருஷன் நெஞ்சைக் குடுத்து வாங்கின இடம். அதுல என்னப் போடுங்க. முத்திரை குத்துங்க. கீழ இன்னொரு படுக்கை இருக்குன்னு... டாக்டர் சொன்னாரு."

உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது பார்க்க முடிந்ததால் அது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. மரண உறுப்பினர் தொண்டையைக் கனைத்தார்.

"காலைல எனக்கு ஒரு கேஸ் வந்துச்சு. சிவப்பு மாத்திரை. எழுதறதுக்கு இடம் இல்லாம வராந்தாவுலயே போர்த்தி வெச்சிருக்கோம்," என்றார். "அவர் சொந்தக்காரங்க ரொம்ப நேரமா காத்திருக்காங்க."

தலைவர் சிவப்புக் கட்டத்தில் பதிமூன்றை அழித்துப் பதினான்கு என்று எழுதினார். சாக்பீஸ் தூளை ஊதிவிட்டார்.

"வரிசைன்னு ஒண்ணு இருக்கும்மா. செத்தவருக்கு முன்னுரிமை. அநியாயம் பண்ணக் கூடாது."

"அவருக்கு எதுக்குய்யா படுக்கை?"

"படுக்கை வேண்டாம். கட்டம் வேணும்."

மனைவி வாயைத் திறந்தாள். காற்று உள்ளே போகவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றி முன்னால் குனிந்தாள். பாதத்தில் நீர் மினுமினுத்தது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து மணிக்கு ஆறு நிமிஷம் இருந்தது. காவலாளி ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தார். குறிப்பெழுதும் அம்மாள் ஹெல்மெட்டைக் கழற்றி, தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப எனக்கு..." என்றாள். "எனக்கு என்ன வழி?"

தலைவர் ஆசனத்தை விட்டு இறங்கி வந்தார். அவள் பக்கத்தில் ஒரு காலை மடித்து உட்கார்ந்தார். உடைந்த இதயத்தின் ஒரு துண்டை மெல்லக் காலால் ஒதுக்கிவிட்டு, அவள் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, சொந்தத் தங்கையிடம் கேட்பதைப் போல அன்பாகக் கேட்டார்:

"உங்க கூடப் பொறந்தவங்க யாராவது பழைய மாத்திரை சாப்பிடறாங்களாம்மா?"